நூற்றெட்டுத் தோப்புக்கரணமும் ஓட்டை நாற்காலியும்

மாவுக்கட்டை வெட்டிப் பிளந்தபோது முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். மழையில் நனைந்த சாக்கைக் கோடவுன் மூலையில் மறந்து போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் ஒரு நெடி அடிக்குமே, அதே நெடி. வெட்டுகிற ஆள் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு கால் தெரிந்தது. அதை என் கால் என்று சொல்ல நாக்கு கூசியது. தோல் பழைய வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கிடந்தது. ரோமம் மட்டும் கருகருவென்று வளர்ந்திருந்தது. தொடை இருந்த இடத்தில், கொடியில் போட்ட ஈரத் துண்டு மாதிரி ஏதோ ஒன்று தொங்கியது. விரலால் அழுத்திப் பார்த்தேன். நேராக எலும்பில் போய் முட்டியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"எலும்பு நல்லாக் கூடியிருக்கு. இனிமே சதையை வரவழைக்கணும்" என்றார் டாக்டர், கடையிலிருந்து ஏதோ வரவழைப்பது போல.

நான் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கோடவுனில் இருபத்தாறு வருஷமாக எடை போட்டு மூட்டை கட்டுகிறவன். எட்டாவது வரை படித்தேன், அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்து அப்பாவிடமும் கோயில் நோட்டீசிலும் கற்றுக்கொண்டதுதான். அடுக்கி வைத்த மூட்டைகள் ஒருநாள் சரிந்து வலது கால்மேல் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்தது. பாதத்திலிருந்து தொடை வரை கட்டுப் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் படுக்கையில் வைத்தார்கள்.

வலியைப் பற்றி எழுத வரவில்லை. வலியை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். என்னால் பொறுக்க முடியாமல் போனது ஒரு நாற்காலி.

எங்கள் வீட்டுக் கக்கூஸ் பின்கட்டில் இருக்கிறது. குந்தி உட்காரும் கக்கூஸ். அகலம் இரண்டு முழம். வாடகை வீடு, இடித்துக் கட்ட முடியாது. காலை மடக்க முடியாதவன் அங்கே போய் என்ன செய்வான்? பக்கத்து வீட்டுச் சேட்டன், செத்துப்போன தன் அம்மாவுக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து கொடுத்தார். நடுவில் வட்டமாக ஓட்டை. ஓட்டைக்குக் கீழே நீல நிறத்தில் ஒரு வாளி. என் வீட்டுப் பின்வராந்தாவில், பழைய புடவையைத் திரையாகக் கட்டி, அதில் நான் உட்கார்ந்தேன். முடிந்ததும் குரல் கொடுப்பேன். என் மனைவி வந்து வாளியை எடுத்துக்கொண்டு போவாள். கொட்டிக் கழுவிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளித்து, சாமி அலமாரியைத் திறந்து விளக்கேற்றுவாள்.

அப்பா காலமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலை விளக்கை ஏற்றி வந்தது நான்தான். காய்ச்சல் வந்தபோதுகூட விட்டதில்லை. இப்போது கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன், சற்றுமுன் வாளியைப் பிடித்த கை திரியைத் தூண்டுவதை. ஒருநாள் சொல்லியும்விட்டேன்.

"அந்தக் கையால விளக்கேத்தாத."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப ஒங்க கையால ஏத்துங்க. எந்திரிச்சு வாங்க பாப்போம்."

அன்றைக்கு மனசுக்குள் ஒன்று முடிவு செய்தேன். தன் அழுக்கைத் தானே கழுவ முடியாதவன் சாமி அலமாரியைத் தொடக்கூடாது. யார் துணையும் இல்லாமல் கக்கூசில் குந்தி உட்கார்ந்து, நானாகவே எழுந்து வருகிற அன்றைக்குத்தான் விளக்கைத் தொடுவேன். ஊரில் பெரியவர்கள் பெரிய பெரிய விஷயங்களுக்கு வைராக்கியம் எடுப்பார்கள். எனக்கு வாய்த்தது இது.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவளுடையது படம் பார்த்துப் படித்த தமிழ், என்னுடையது பள்ளிக்கூட மலையாளம். இரண்டையும் கலந்து பேசினோம். துணிக்கடை டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தாள். முழங்காலுக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பேனாவால் கோடு போட்டு அளந்ததில் வலது தொடை நாலரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அங்கிள், வீட்டுல ஒரு சேர் உண்டல்லோ? அதுல இருக்கணும், எழுந்திரிக்கணும். கை ஊனாம. பத்து தடவை. ஒருநாள் செஞ்சா மறுநாள் ரெஸ்ட்."

"வெறும் பத்தா?"

"பத்து மதி அங்கிள், அது போதும். சதை வேலை செய்யும்போ வளராது. வேலை செஞ்சு ரெஸ்ட் எடுக்கும்போதான் வளரும். தண்ணி நல்லாக் குடிக்கணும்."

என் மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலி என்றாலே அந்த ஓட்டைதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சேட்டன் வேறு சாயங்காலம் தவறாமல் வந்து கட்டிலருகே நின்றார். ரிட்டயரான பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்து உடம்பை முறுக்கேற்றிக்கொண்டிருக்கிற மனுஷர். ஏதோ ஒரு மாவைப் பாலில் கலந்து குடிப்பார். அதன் ஏப்பம், வெந்த முட்டையும் வனிலாவும் சேர்ந்த மாதிரி, நேராக என் முகத்தில் வந்து அடிக்கும்.

"அண்ணாச்சி, பத்தெல்லாம் பிரசவிச்ச பெண்ணுங்களுக்கு. அழணும். அழுதாத்தான் சதை வரும்."

"கிளினிக் பொண்ணு ரெஸ்ட் எடுக்கச் சொல்லுது சேட்டா."

"அவளுக்கு என்ன அறியும்? கொச்சுப் பொண்ணு, நேத்துப் பொறந்தவ. என் கையைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்துப் பார்த்தேன். வேர்வை பிசுபிசுத்தது. ஆனால் கல்லு மாதிரி இருந்தது.

அந்த வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்தபோது சாமியே கொடுத்த யோசனை என்று நினைத்தேன். உட்கார்ந்து எழுந்திருப்பதுதானே பயிற்சி? அதைத்தானே சின்ன வயதிலிருந்து பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு செய்கிறோம்? பத்து எதற்கு? தினம் நூற்றெட்டு, ஒரு மண்டலத்துக்கு. நாற்பத்தெட்டு நாள் முடிகிறபோது தொடையும் வந்துவிடும், வேண்டுதலும் நிறைவேறிவிடும். அடுத்து வந்த சங்கடஹர சதுர்த்தியன்று தொடங்குவதாகப் பிள்ளையார் படத்துக்கு முன் நேர்ந்துகொண்டேன். சதுர்த்தி விரதம் எனக்கு எப்போதும் கடும் விரதம். நிலா தெரிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

நல்ல வெயில் காலம். அலமாரிக்கு எதிரே மூன்றடி தள்ளி நின்றேன். ஒரு கையால் ஜன்னல் கம்பி, மறு கையால் காது. முடிந்தவரை இறங்கி ஏறினேன். தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். "எதுக்குங்க, அனல் அடிக்குது" என்றாள் மனைவி. காற்றுக்காக என்றேன். காற்றுக்காக இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். அதை இன்று எழுதும்போதுகூட எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நாற்பதில் கால் நடுங்கியது. அறுபதில் கண் இருட்டியது. இடையில் நின்று நின்று நூற்றெட்டை முடித்தபோது தரையில் என் வேர்வை குட்டையாகத் தேங்கி நின்றது. சேட்டன் ஜன்னலுக்கு வெளியே நின்று கை தட்டினார். "அப்படிப் போடுங்க அண்ணாச்சி!" எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் இரண்டு தொடையும் மரக்கட்டை மாதிரி வீங்கிக் கிடந்தன. வலி சாமிக்குக் கொடுக்கிற காணிக்கை என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது நூற்றெட்டையும் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்த நீல வாளியில் மூத்திரம் பெய்தபோது அது பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. கறுப்பும் சிவப்புமாக, மேலே நுரை கட்டிக்கொண்டு. மனைவி வாளியை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் அதைத் தூக்கியபோது முகம் சுளிக்காதவள் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தாயிது? என்னங்க இது? ரத்தமா?"

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். தாங்க முடியாத வேலையைக் கொடுத்ததில் தொடைச் சதை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்றார்கள். சதையை வளர்க்கப் போய், இருந்த சதையையும் நானே இடித்துக் கூழாக்கி மூத்திரத்தில் விட்டிருக்கிறேன். குழாய் போட்டு மூன்று நாள் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். கட்டில் ஓரத்தில் தொங்கிய பையில் என் அசிங்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறம் மாறிக்கொண்டே இருந்தது. பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, கிளினிக்கில் அந்தப் பெண் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். நடந்ததை மனைவிதான் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, ஜன்னல் உட்பட.

"ஏத்தம் போட்டிங்களா? நூத்தியெட்டா?" அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டாள். மலையாளத்தில் தோப்புக்கரணத்துக்கு ஏத்தம் என்றுதான் பெயர். பிறகு சிரிப்பு போய்விட்டது. "தண்ணி குடிச்சிங்களா?"

"விரதம்."

"அங்கிளே, நான் ஸ்கூல்ல ஹோம் வொர்க் செய்யலைன்னா டீச்சர் ஏத்தம் போட வைப்பாங்க. அதுவே இருவதுதான்."

டேப்பை எடுத்து அளந்தாள். வலது தொடை முன்பைவிட அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நோட்டில் எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

மறுபடி ஐந்திலிருந்து தொடங்கச் சொன்னாள். இந்தத் தடவை நான் எதிர்ப்பக்கமாகப் புரண்டேன். பயம். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கைப்பிடியையும் லேசாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் வலிக்காதபடி ஐந்து தடவை. ஓய்வு நாளோடு இன்னொரு ஓய்வு நாளைச் சேர்த்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து டேப் ஒரு நூல்கூட நகரவில்லை. நீல வாளியும் நகரவில்லை.

"இப்போ செய்யறது எத்தனை மார்க்கு கஷ்டம் அங்கிள்? சும்மா இருந்தா பூஜ்யம். இதுக்கு மேல ஒண்ணுகூட முடியாதுன்னா பத்து."

"ரெண்டு."

"ரெண்டா? அதுக்குப் பேரு உறக்கம். அன்னைக்குப் போட்டது எத்தனை?"

யோசித்தேன். "பத்துக்கு மேல."

"எனக்கு அஞ்சோ ஆறோ வேணும். மூச்சு வாங்கணும். ஆனா எழுந்ததும் ஒரு வரி பேச முடியணும். மறுநாள் தொடை சும்மா ஒரு பிடிப்பு பிடிச்சா நல்லது. அதுக்கு அடுத்த நாளும் வலிச்சா நீங்க கூடுதல் செஞ்சிட்டிங்க."

அப்படித்தான் எனக்கு ஒரு அளவு கிடைத்தது. ஒவ்வொரு தடவை எழுந்ததும் "பிள்ளையாரப்பா" என்று வாய்விட்டுச் சொல்வேன். மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் அடுத்தது. "பிள்ளை"யோடு நின்றுபோனால் உட்கார்ந்துவிட வேண்டும். கணுக்காலில் கல்லுப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கட்டிக் காலைத் தூக்கி இறக்கச் சொன்னாள். கொச்சிக் காற்றில் உப்பு கசிந்து, புதுத்தோலில் பட்டு எரிந்து, பை பிசுபிசுத்து நாறியது. கால் உரிந்து உரிந்து பாயெல்லாம் செதில். கூட்டி அள்ளினால் ஒரு முறம் வரும். இதெல்லாம் குணமாவதன் அடையாளம் என்றாள் அந்தப் பெண். குணமாவது இத்தனை அசிங்கமான காரியம் என்று யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை.

இருக்கும் இடத்தின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். முதலில் தலையணை போனது. பிறகு நாற்காலி போய் ஸ்டூல் வந்தது. ஸ்டூலிலிருந்து அரிசி டின்னுக்கு இறங்க ஒரு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு உயரமும் ஐந்து மார்க்கில் தொடங்கி மூன்று மார்க் ஆன பிறகுதான் அடுத்தது. சேட்டன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு வயசாயிப் போச்சு" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பெரிய பாடாக இருந்தது ஓய்வு நாள்தான். நேர்ந்துகொண்ட நாற்பத்தெட்டு நாளில் இரண்டே நாள் செய்துவிட்டு நிறுத்தியவன் நான். சும்மா படுத்திருக்கிற நாளில் அந்தப் படத்தின் பக்கம் முகத்தைத் திருப்ப முடியாது.

அப்படிப்பட்ட ஒரு காலையில், கட்டிலில் கிடந்தபோது, முன்னறையில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். என் மனைவி. விளக்கேற்றியிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கையையும் குறுக்காகக் காதில் பிடித்துக்கொண்டு, இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். முட்டி ஒவ்வொரு தடவையும் கடக் கடக்கென்று சொடுக்கியது. "பதினாலு" என்றாள். இறங்கினாள், ஏறினாள். "பதினஞ்சு."

"என்ன செய்யற?"

திடுக்கிட்டுக் காதை விட்டாள். "கண்டுட்டீங்களா? பின்ன, சாமிகிட்ட வாக்குக் குடுத்துட்டுப் பாதியில நிறுத்தினா யாரு போடறது? பக்கத்து வீட்டுச் சேட்டனா?"

"எத்தனை நாளா?"

"நீங்க ஆஸ்பத்திரியிலேந்து வந்ததுலேந்து. அஞ்சுல தொடங்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சு முட்டினா நிறுத்திருவேன். அந்தப் பொண்ணு சொல்லிச்சில்லே."

"அது எனக்குச் சொன்னது."

"ஒங்களுக்குச் சொன்னதை நாந்தான கேட்டேன்."

அதற்கும் நான் சும்மா இருக்கவில்லை. "நான் நேந்தது தினம் நூத்தெட்டு. நீ ஒருநாள் விட்டு ஒருநாள் பதினஞ்சு போட்டா எப்படி?"

"பிள்ளையாரு என்ன ஒங்க கோடவுன் கணக்கப்பிள்ளையா, நோட்டைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்க? போங்க, போய்ப் படுங்க. இன்னிக்கு ஒங்களுக்கு ரெஸ்ட்." இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "என் முட்டி வலி பாதி போச்சு, தெரியுமா? கக்கூஸ்ல எந்திரிக்கறப்ப நானும் சுவரைப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். ஒங்களுக்கு எங்க அதெல்லாம் தெரியும்."

தெரியாதுதான். இத்தனை வருஷத்தில் கேட்டதும் இல்லை. அந்த முட்டியோடு இவள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை குனிந்து என் வாளியை எடுத்திருக்கிறாள். நான் கட்டிலில் கிடந்து அவள் கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்த அன்று என் காலைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது என்னை நினைத்தே வந்தது. போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஓய்வு நாள் உறுத்தவில்லை.

அரிசி டின்னிலிருந்து, பூஜைக்கு உட்காருகிற மரப்பலகை வரை இறங்கிவிட்டேன். பலகையின் உயரம் நாலு விரல். அதிலிருந்து கை ஊனாமல் எட்டுத் தடவை எழுந்து "பிள்ளையாரப்பா" என்று முழுசாகச் சொன்ன வாரத்தில் அந்தப் பெண் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணரைதான் குறைவு. போயி இருந்து பாருங்க அங்கிள், ஆனா கதவுக்குக் கொண்டி போட வேண்டாம்" என்றாள்.

ஒரு காலையில் போனேன். முந்தின நாள் வேலியேற்றம், அதாவது கடல் ஏற்றம். கடல் பொங்கும்போது ஓடைத் தண்ணீர் பின்கட்டு வரை ஏறி வந்து, இறங்கும்போது தன் சளியை எல்லாம் சுவரில் விட்டுவிட்டுப் போகும். தரை வழுக்கியது. மூலையில் ஒரு சின்ன மீன் செத்துக் கிடந்தது. காலை அகட்டி வைத்து மெள்ள இறங்கினேன். தொடை நடுங்கியது, ஆனால் பிடித்துக்கொண்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு மனிதன் மாதிரி குந்தி உட்கார்ந்தேன்.

"ஏங்க, இருக்கீங்களா?" கதவுக்கு வெளியே அவள் குரல்.

"இருக்கேன், இருக்கேன். நீ போ."

"நான் நிக்கறேன். நீங்க சோலியைப் பாருங்க."

எழுந்திருக்கும்போது பாதியில் கால் ஒரு நொடி நின்றுவிட்டது. கை தானாகச் சுவருக்குப் போயிற்று. உள்ளங்கை முழுக்கப் பச்சைச் சளி. வழுக்கியது. கையை எடுத்தேன். கையை நம்பாமல் காலை நம்பித்தான் மீதி தூரம் ஏற வேண்டியிருந்தது. ஏறிவிட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, நின்றபடி உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். அழுகின மீன் நாற்றம். "பிள்ளையாரப்பா" என்றேன். முழுசாக வந்தது.

வெளியே வந்தபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்ப்பது தெரிந்ததும், "பாசி நெடி கண்ணுல ஏறுது. போயிக் குளிங்க. திரி போட்டு வச்சிருக்கேன். இன்னிக்கு நீங்கதான ஏத்தணும்" என்றாள்.

குளிக்கப் போகிற வழியில் பின்வராந்தாவில் அந்தப் புடவைத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. விலக்கினேன். நாற்காலிக்குக் கீழே நீல வாளி. ஏழு மாதமாக அதில் இருந்தது எல்லாம் என்னுடையது, ஆனால் மூத்திரம் கறுத்த அந்த ஒரு நாளைத் தவிர அதன் உள்ளே நான் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தேன். அவள் எவ்வளவு தேய்த்தும் போகாத மஞ்சள் காறை, அடியில் வளையம் வளையமாகப் படிந்திருந்தது. விளிம்பில், அன்றைக்கு வந்த கட்டன் சாயா நிறம் ஒரு கோடாக இன்னும் இருந்தது. ஓங்கரித்தேன், ஒன்றும் வரவில்லை.

வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு, மெள்ள இறங்கிக் குந்தி உட்கார்ந்தேன்.

அவள் ஓடி வந்தாள். "ஐயே, வைங்க அதை! நான் கழுவறேன். குளிச்சிட்டு விளக்கேத்தறதை விட்டுட்டு..."

"நீ போயி ஏத்து."

"நானா? நீங்கதான சொன்னீங்க, அந்தக் கையால..."

"அந்தக் கையாலதான். போ. எண்ணெ ஊத்தி ஏத்து."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தேய்த்தேன். நார் நகக்கண்ணில் ஏறியது. பவுடர் நெடி மூக்கை அறுத்தது. தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மார்க் இருக்கும். உள்ளே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி நமத்துப் போயிருந்தது போல. இன்னொன்றை உரசினாள்.